அழித்த தடம் இல்லாத படங்கள்

ஜூன் 21

அன்புத் தங்கைக்கு,

நானும் உன் மகள் பட்டாணியும் நன்றாக இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் ‘இருக்கேன்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவாய். அதனால் சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா, முதுகுவலி தேவலையா என்று தனித்தனியாகக் கேட்கிறேன். தனித்தனியாகப் பதில் எழுது. உன் கடிதம் வந்து இரண்டு மாதம் ஆகிறது. தபால்காரர் என்னைக் கண்டால் தலையைக் குனிந்துகொண்டு சைக்கிளை மிதிக்கிறார்.

எங்கள் தலைமையாசிரியைக்கு ஒரு புது யோசனை வந்திருக்கிறது. இந்த வருடம் ஓவிய வகுப்பில் பிள்ளைகள் மாதத்துக்கு ஒரு நாட்டு மக்களின் கைவேலையைத் தெரிந்துகொண்டு தாங்களே செய்துபார்க்க வேண்டுமாம். வருடக் கடைசியில் பெற்றோருக்குக் கண்காட்சி. யோசனை அவருடையது, பசை மட்டும் என்னுடையது. இந்த மாதம் முகமூடி. மழைக்காக ஆடுகிற மக்கள் போட்டுக்கொள்வது. முப்பத்து நான்கு பிள்ளைகள், மூன்று வாளி ஊறவைத்த செய்தித்தாள். கூழை முகத்தில் அப்பிக் காயவிட்டுப் பார்க்கலாம் என்று ஒரு புத்திசாலி முயன்றான். புருவத்தில் பாதி என்னிடம்தான் இருக்கிறது.

பட்டாணி மூன்றாம் வகுப்பில் என்னிடமே வந்து சேர்ந்துவிட்டாள். பள்ளியில் என்னை வேற்றாள் மாதிரி ‘டீச்சர்’ என்கிறாள். நானே சொல்லிக்கொடுத்தது, நானே முழிக்கிறேன். மேல்வரிசையில் இரண்டு பல் விழுந்து பேச்சில் காற்று வருகிறது. முகமூடி தபாலில் உடைந்துபோகும் என்பதால் அதையே படமாக வரைந்து அனுப்பியிருக்கிறாள். ஆடுகிறவர்களுக்கு நடுவில் பெட்டியோடு நிற்பது நீதானாம்.

முதுகை மறக்காமல் எழுது.

உன் அக்கா

ஜூலை 19

அன்புள்ள அக்கா,

சாப்பிடுகிறேன். தூங்குகிறேன். முதுகு இருக்கிறது. போதுமா?

கோபித்துக்கொள்ளாதே. குழந்தைகள் வார்டில் எங்களில் இருவர் வேலையை விட்டுப் போய்விட்டார்கள். தலைக்கு மேல் வேலை. சீருடையைக் கழற்றினால் உட்கார்ந்த இடத்திலேயே கண் சொருகுகிறது.

முகமூடிப் படத்தைக் கட்டிலுக்கு எதிரில் ஒட்டிவிட்டேன். சுவரில் இப்போது நாற்பத்தொரு படம். என்னோடு தங்கியிருக்கும் நர்ஸ், தன் பக்கத்துச் சுவரையும் கேட்டால் தருகிறேன் என்று கிண்டல் செய்கிறாள். போனில் கூப்பிட்டால் பட்டாணி ‘ம்’ என்கிறாள், அப்புறம் ‘ம்ம்’ என்கிறாள், பிறகு காலடிச் சத்தம்தான் கேட்கிறது. வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் போல. ஆனால் படத்தில் எவ்வளவு பேசுகிறாள்! ஒவ்வொன்றிலும் நான் இருக்கிறேன். கதவருகில், பேருந்தில், பெட்டியோடு. அவள் என்னை எதிர்பார்த்துக்கொண்டே இருக்கிறாள் என்று அவற்றைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன்.

இப்போது பெரிய செய்தி. பிள்ளைகளை அழைத்துவந்து வைத்துக்கொள்ள எங்களுக்கு அனுமதி தருகிறார்கள். விண்ணப்பம் போட்டுவிட்டேன். இரண்டு அறை வீடு ஒன்றும் ஆஸ்பத்திரிக்குப் பின்னாலேயே பார்த்துவைத்திருக்கிறேன். ஏப்ரலில் வருகிறேன். அவளை அழைத்துக்கொண்டுதான் திரும்புவேன். பட்டாணியின் அப்பா போன பிறகு இவ்வளவு சந்தோஷமாக நான் எதையும் எழுதியதில்லை. அவளிடம் நீயே சொல்லிவிடு. போனில் சொன்னால் அதற்கும் ‘ம்’தான் கிடைக்கும்.

உன் தங்கை

செப்டம்பர் 2

அன்புத் தங்கைக்கு,

உன் செய்தி படித்து ரொம்ப சந்தோஷம். உடனே பதில் எழுதாததற்குக் காரணம் கத்தரிக்கோல். போன மாதம் காகித வெட்டு. குளிர்நாட்டு மக்கள் ஒரே தாளை மடித்து வெட்டி ஜன்னலில் ஒட்டுவார்களாம். பிள்ளைகள் தாளைத் தவிர மற்றெல்லாவற்றையும் வெட்டினார்கள். ஒருத்தி பக்கத்தில் இருந்தவளின் பின்னலில் ஒரு விரல் நீளம் எடுத்துவிட்டாள். அதற்குப் பஞ்சாயத்து, அம்மாக்கள் இருவரும் வந்து என் மேஜைக்கு இரண்டு பக்கமும் நின்றுகொண்டார்கள்.

நீ சொன்னதை நன்றாக யோசித்துச் செய். அங்கே மொழி வேறு. மூன்றாம் வகுப்போடு பிடுங்கி நட்டால் வேர்பிடிக்க நாளாகும். உனக்கு வேலை நேரமும் ஒரு நிலையில் இல்லை. பள்ளி விட்டு வந்தால் கதவைத் திறக்க யார் இருப்பார்கள்? குளிர் வந்தால் அவளுக்கு மூச்சு இழுக்கும், தெரியுமல்லவா? தடுக்கிறேன் என்று நினைக்காதே. பெற்றவள் நீ. தெரிந்ததைச் சொல்கிறேன்.

அவளிடம் இன்னும் சொல்லவில்லை. நேரம் பார்த்துச் சொல்கிறேன். காகித வெட்டு ஒன்று வைத்திருக்கிறேன். உனக்காகத்தான் செய்தாளாம். நடுவில் கைகோத்து நிற்கும் இருவர் நீயும் அவளும்.

உன் அக்கா

அக்டோபர் 11

அக்கா,

எங்கள் வார்டுக்கு வாரம் மூன்று நாள் ஒரு அம்மாள் வருவார். நோயில் கிடக்கும் பிள்ளைகளை வரையவைப்பதுதான் அவருக்கு வேலை. முப்பது வருடமாக இதைச் செய்கிறார். பிள்ளைகள் ‘படக்காரம்மா’ என்பார்கள். என் மகளின் படங்களைப் பாருங்கள் என்று போன வாரம் பெருமையாக நான்தான் அறைக்கு அழைத்துப் போனேன்.

சுவரை வெகு நேரம் பார்த்தார். யார் வரைந்தது என்று மறுபடி கேட்டார். என் மகள், நான்கு வயதிலிருந்து அனுப்புகிறாள் என்றேன். அவர் கிளம்பப் பார்த்தார். நான்தான் விடாமல் கேட்டேன். அப்போது சொன்னார். நாற்பத்தொரு படத்தில் ஒன்றில்கூட அழித்த தடம் இல்லை. ஒரு உருவமும் தாளின் ஓரத்தில் இடிக்கவில்லை. பிள்ளைகள் முதலில் தலையைப் பெரிதாக வரைந்துவிடும், கால் வரும்போது இடம் இருக்காது. இங்கே எல்லோருக்கும் கால் இருக்கிறது. நான்கு வயதில் குச்சி உடம்பு, ஐந்தில் கழுத்து, ஆறில் விரல்கள், ஏழில் தரைக்கோடு என்று வருடத்துக்கு ஒரு படி ஏறியிருக்கிறது. இப்படி முறை தவறாமல் எந்தக் குழந்தையும் வளர்வதில்லை, இது ஆசிரியர் பயிற்சிப் புத்தகம் வளர்கிற மாதிரி இருக்கிறது என்றார்.

அவர் போன பிறகு எல்லாவற்றையும் பிரித்தெடுத்துக் கட்டிலில் பரப்பினேன். நான் நான்காவது படிக்கும்போது எனக்கு வரையவே வராது. என் வீட்டுப்பாடப் படங்களை நீ இடது கையால் போட்டுக் கொடுப்பாய், வாத்தியார் கண்டுபிடிக்கக் கூடாது என்று. அந்தக் கோடு எனக்குத் தெரியும் அக்கா. வலப்பக்கம் வரும்போது லேசாக நடுங்கும். நாற்பத்தொரு படத்திலும் நடுங்குகிறது.

பூசி மெழுகாமல் எழுது. இதில் என் மகள் வரைந்தது எத்தனை?

உன் தங்கை

நவம்பர் 8

அன்புத் தங்கைக்கு,

ஒன்று. முதல் படத்தில் இருக்கும் பூனை மட்டும் அவளுடையது. அதுவும் கிறுக்கல்தான். மற்றவை எல்லாம் நான் வரைந்தவை.

நீ விடுப்பில் வந்து பதினைந்து நாள் இருந்தாயே, அப்போது அவளுக்கு நான்கு வயது. நீ ஆசையாகத் தூக்கினால் விறைத்துக்கொண்டு என் பக்கம் கை நீட்டினாள். நீ குளிக்கப் போனபோது என் காதில், “அவங்க எப்ப போவாங்க?” என்று கேட்டாள். நான் உன்னிடம் சொல்லவில்லை. நீ ஊருக்குப் போனபின் உனக்கு அனுப்ப ஒரு படம் வரைந்து கொடு என்றேன். மாட்டேன் என்றாள். மிட்டாய் தருகிறேன் என்றேன். மிட்டாயை வாங்கிக்கொண்டு பூனையை வரைந்தாள். பூனைக்குப் பக்கத்தில் நானே உன்னைச் சேர்த்து அனுப்பினேன். அதைப் பார்த்து நீ எழுதிய கடிதம் நான்கு பக்கம். அழுதேன் என்று எழுதியிருந்தாய். அடுத்த மாதம் பூனையும் வரவில்லை. முழுவதும் நானே வரைந்தேன்.

என் வேலைப் பழக்கம் உனக்குத் தெரியும். கண்காட்சிக்கு முன் பிள்ளைகளின் ஓரங்களை நேராக்காமல் என்னால் இருக்க முடியாது. கோணலாக ஒட்டியதைப் பிரித்து ஒட்டுவேன், வண்ணம் வழிந்த இடத்தை மூடுவேன். பிள்ளைகளுக்குத் தெரியாது, பெற்றோருக்கும் தெரியாது, எல்லோருக்கும் சந்தோஷம். உனக்கும் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன் என்று நினைத்தேன்.

உன் கடிதம் வந்த அதே வாரம் பறவை வகுப்பு. ஒரு மலைநாட்டு மக்கள் வீட்டில் இருக்கும் ஆளுக்கு ஒரு பறவை செய்து வாசலில் தொங்கவிடுவார்கள் என்று படித்துக் காட்டிவிட்டு, குச்சியும் நூலும் கொடுத்தேன். சிலர் ஏழு செய்தார்கள், நாயையும் சேர்த்து. பட்டாணி இரண்டு செய்தாள். அம்மாவுக்கு எங்கே என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டேன். “வீட்டுல இருக்கறவங்களுக்குத்தான டீச்சர் செய்யச் சொன்னீங்க?” என்றாள். திமிராகக் கேட்கவில்லை, சந்தேகமாகக் கேட்டாள். வகுப்பு முடிந்ததும் மூன்றாவதாக ஒரு பறவையை நான் செய்து அவள் குச்சியில் கட்டிவைத்தேன். மறுநாள் அதை அவிழ்த்து என் மேஜையில் கொண்டுவந்து வைத்தாள். “இது நான் செய்யல.” அவ்வளவுதான் சொன்னாள். கையும் களவுமாகப் பிடிபட்ட மாதிரி இருந்தது. உன் கடிதம் என் கைப்பைக்குள் இருந்தது.

இன்னொன்றும் இருக்கிறது. இதை மறைத்தால் மறுபடியும் ஓரம் நேராக்குகிறவளாகிவிடுவேன். ஒரு வருடமாக வீட்டில் அவள் என்னை அம்மா என்றுதான் கூப்பிடுகிறாள். முதல் நாள் திருத்தினேன். இரண்டாம் நாள் திருத்தவில்லை. நீ ஏப்ரலில் வருகிறாய் என்று படித்ததும் ரொம்ப சந்தோஷம் என்று எழுதினேன் அல்லவா? அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

எது கேட்டாலும் கேள். தலைகுனிந்து கேட்டுக்கொள்கிறேன்.

உன் அக்கா

டிசம்பர் 6

அக்கா,

இந்தக் கடிதத்தை நான்கு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். வாயில் வந்ததையெல்லாம் எழுதியிருந்தேன். நம் அம்மா இருந்திருந்தால் உன்னையா என்னையா, யாரை முதலில் அறைந்திருப்பாள் என்று யோசித்தேன்.

உனக்கு ஒன்று தெரியாது. அவளுக்கு ஐந்தரை வயதானபோது என் முதல் ஒப்பந்தம் முடிந்தது. மேலும் நான்கு வருடத்துக்குக் கையெழுத்துப் போடு, இல்லையென்றால் போய்க்கொள் என்றார்கள். போய்விடலாம் என்றே முடிவு செய்தேன். பெட்டியில் பாதித் துணியும் அடுக்கிவிட்டேன். அந்த வாரம் ஒரு படம் வந்தது. ஜன்னலில் அவள் நின்று சிரித்துக்கொண்டு கையாட்டுகிறாள், வானத்தில் விமானம், அதில் நான். பிள்ளை தைரியமாகத்தான் இருக்கிறாள், என்னையும் மறக்கவில்லை, இன்னும் கொஞ்சம் தாங்கினால் அவளுக்கு நல்ல படிப்பு கொடுக்கலாம் என்று நினைத்துத் துணியை எடுத்து வெளியே வைத்தேன். கையெழுத்துப் போட்டேன். நீ இடது கையால் போட்ட ஒரு ஜன்னலை நம்பி நான் நான்கு வருடம் எழுதிக் கொடுத்தேன் அக்கா. அன்றைக்கு ஒரு வெள்ளைத்தாள் வந்திருந்தால் நான் ஓடி வந்திருப்பேன்.

அப்போது அவளுக்கு ஐந்தரை. இன்னும் நேரம் இருந்தது.

என்னைச் சமாதானப்படுத்தத்தான் வரைந்தாய், நம்புகிறேன். நான் திரும்பி வந்துவிடக் கூடாது என்றும் ஒரு ஓரத்தில் நினைத்தாயா? இதற்கு மட்டும் பதில் வேண்டும்.

அனுமதி வந்துவிட்டது. ஏப்ரலில் வருவதில் மாற்றமில்லை. அவளிடம் சொல். வரையச் சொல்லி மிட்டாய் கொடுக்காதே. அவளாக ஏதாவது கொடுத்தால் மட்டும் அனுப்பு. அதில் நான் இருக்க வேண்டியதில்லை. உன் கை மட்டும் படக் கூடாது.

உன் தங்கை

பிப்ரவரி 14

அன்புத் தங்கைக்கு,

நீ கேட்டதற்குப் பதில். வரையும்போது அப்படி நினைக்கவில்லை. நீ கையெழுத்துப் போட்டுவிட்டேன் என்று போனில் சொன்ன அன்று, ரிசீவரை வைத்துவிட்டு நான் பட்டாணியைத் தூக்கிச் சுற்றினேன். அதற்கு என்ன அர்த்தம் என்று நீயே சொல். இத்தனை நாள் நான் அதை யோசிக்காமல் பார்த்துக்கொண்டேன்.

அவளிடம் சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், துணி மடித்துக்கொண்டிருக்கும்போது. உன் அம்மா வந்து உன்னைத் தன்னோடு அழைத்துப்போகப் போகிறாள், அங்கே இரண்டு அறை வீடு, பெரிய பள்ளிக்கூடம் என்றேன். ஒரு காலுறையைக் கையில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். “எத்தன நாளைக்கு?” என்றாள். இனிமேல் எப்போதும் என்றேன். அழவில்லை. மீதித் துணியை அவளே மடித்தாள். என் புடவையை மட்டும் மடிக்காமல் மடியில் வைத்துக்கொண்டாள். அன்றிலிருந்து நான் குளியலறைக்குப் போனாலும் கதவுக்கு வெளியே நிற்கிறாள். “உள்ளதான இருக்க?” என்று நடுநடுவே கேட்கிறாள்.

கண்காட்சி போன வாரம் முடிந்தது. இந்த முறை நான் எதையும் திருத்தவில்லை. கோணலும் வழிசலுமாக அப்படியே மாட்டினேன். தலைமையாசிரியை முகம் சுளித்தார். ஆனால் பிள்ளைகள் தங்கள் தங்கள் வேலையைத் தூரத்திலிருந்தே கண்டுபிடித்து ஓடினார்கள். பதினெட்டு வருடத்தில் இப்படி நான் பார்த்ததே இல்லை.

மறுநாள் பட்டாணி தானாகவே தாள் கேட்டாள். கதவைச் சாத்திக்கொண்டு வரைந்தாள். உறைக்குள் போட்டு அவளே ஒட்டினாள். பசை வழிந்து உறையின் மூலை என் மேஜை விரிப்போடு ஒட்டிக்கொண்டது. பிய்த்தெடுத்ததில் கிழிந்த இடம் அதுதான். நான் உள்ளே பார்க்கவில்லை. என்ன வரைந்தாய் என்றும் கேட்கவில்லை. அப்படியே அனுப்புகிறேன்.

உன் அக்கா

மார்ச் 10

அக்கா,

உறை பத்திரமாக வந்தது. அதில் என்ன இருந்தது என்று உனக்குத் தெரிய வேண்டும். அதனால் எழுதுகிறேன்.

இரண்டு அறை வீட்டை வரைந்திருக்கிறாள். நீ சொன்னதை வைத்து வரைந்திருப்பாள். கூரைக்குத் தாளில் இடம் போதவில்லை, பாதியில் நிற்கிறது. அழித்து அழித்து ஒரு இடத்தில் ஓட்டையே விழுந்திருக்கிறது. ஒரு அறையில் கட்டில். அதில் நீயும் அவளும் படுத்திருக்கிறீர்கள். நீ கண்ணாடி போட்டபடியே தூங்குகிறாய். இன்னொரு அறையில் அடுப்பு. அடுப்புக்கு முன்னால் ஒரு பெண் நிற்கிறாள், முதுகைக் காட்டிக்கொண்டு. அது நான். என் முகம் அவளுக்கு வரையத் தெரியவில்லை போலிருக்கிறது. அதனால் திருப்பி நிற்கவைத்துவிட்டாள்.

பின்பக்கம் எழுதியிருக்கிறாள். அப்படியே எழுதுகிறேன். “நீங்க இருக்கற வீட்டுல டீச்சருக்கும் இடம் இருக்கா? பீரோ வேண்டாம். ஒரு கட்டில் போதும். நாங்க ரெண்டு பேரும் ஒல்லிதான்.”

அதை எடுத்துக்கொண்டு அனுமதி தந்த அலுவலகத்துக்குப் போய்க் கேட்டேன். பிள்ளைக்கு ஒரு படிவம் இருக்கிறது, அக்காவுக்கு எந்தப் படிவமும் இல்லை. நீங்கள் பெற்ற தாய்தானே, பிறகு என்ன சிக்கல் என்று அந்த அதிகாரி கேட்டார். நான் வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்தேன். அழுகை வரும் என்று பார்த்தேன், வரவில்லை. வார்டில் ஊசி போட ஆள் இல்லை என்று கூப்பிட்டார்கள், போய்விட்டேன்.

மறுநாள் அனுமதி வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். உனக்காக இல்லை. இரண்டரை வயதில் அவளை ஒரு அம்மாவிடமிருந்து பிரித்தேன். அதைச் செய்தது நான், உன் மேல் அந்தப் பழியைப் போட மாட்டேன். இப்போது எட்டு வயதில் இன்னொரு அம்மாவிடமிருந்து பிரித்து அழைத்து வந்தால், அதே பிள்ளைக்கு அதே காரியத்தை நான் இரண்டாம் முறை செய்தவளாவேன். அது என்னால் முடியாது.

ஏப்ரலில் நான் வரவில்லை. யாரும் அழைத்துப்போக மாட்டார்கள் என்று அவளிடம் இன்றைக்கே சொல், கடிதத்தை மடிப்பதற்கு முன்னால் போய்ச் சொல். குளியலறைக் கதவுக்கு வெளியே அந்தப் பிள்ளை இன்னொரு நாள் நிற்க வேண்டாம்.

என் ஒப்பந்தம் முடியப் பதினான்கு மாதம் இருக்கிறது. முடிந்ததும் ஒரேயடியாக வந்துவிடுகிறேன். உன் வீட்டுக்கு வரமாட்டேன். பக்கத்துத் தெருவில் எனக்கு ஒரு அறை பார்த்துவை. அவளுக்குத் தோன்றினால் வந்து பார்க்கட்டும். தோன்றாவிட்டால் பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் தூரத்திலிருந்து பார்த்துக்கொள்கிறேன்.

உன்னை மன்னித்துவிட்டேனா என்று கேட்டு எழுதாதே. அவளை நன்றாக வளர்த்திருக்கிறாய். பொய் சொல்லத் தெரியாமல் வளர்த்திருக்கிறாய். அதற்கு உனக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று தெரிகிறது, வாய் வரவில்லை. பதில் எழுத வேண்டாம். அவள் கேட்ட கேள்விக்கு மட்டும் நான் பதில் சொல்லியாக வேண்டும். இதை மட்டும் கிழித்தெடுத்து அவளிடம் கொடுத்துவிடு: ‘பட்டாணி, இந்த வீட்டில் டீச்சருக்கு இடம் இல்லை. அதனால் நீ உன் அம்மாவோடு அங்கேயே இரு.’

உன் தங்கை